கலங்கலும் காலமும்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய மலைப்பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளிலே, உண்டாக்கப்பட்ட தேயிலை சந்தைக்கு அனுப்பப்படுமுன் சுவைத்துப் பார்க்கப்படுவது வழக்கம். அளந்தெடுத்த தூளின்மேற் கொதிநீர் வார்த்து, 5 அல்லது 6 நிமிடம் மூடி வைத்து, வடித்த சாயத்தை வெண்பீங்கான் கிண்ணங்களில் வரிசையாக வைப்பர். அப்பொழுது சாயம் செம்பொன் நிறத்தோடு கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். சுவைப்பவர் வரிசையின் கடைசிக் கிண்ணத்தை அடைந்து மீண்டும் முதற் கிண்ணத்துக்குத் திரும்பும்பொழுது, ஆறிப்போன சாயத்திலே ஒரு மாற்றம் காணப்படும். மேகம் படர்ந்தாற்போல அது மங்கிச் சிறிது பால் கலந்த நிறத்தை எய்தியிருக்கும். வணிகர் இதனைக் ‘கிறீம்’ என வழங்குவர். இக்கட்டுரையில் இது கலங்கல் எனப்படும். பிற நீர்களிற் கலங்கல் குற்றமாகும். தேநீரிலோ அது குணமெனக் கொள்ளப்படும். சாரம் மிக்க தேயிலையின் சாயமே மிகுதியாகக் கலங்கும். அக்கலங்கல் ஒளியும் செம்மையும் உடையதாயின் சுவைப்பவர் மகிழ்வர். சேற்று நிறம் பெறின் ஐயுறுவர்.

கலங்கிய சாயத்தை மீண்டும் சூடாக்கினால் அது தெளியும். சூடாக்காது இரவு முழுவதும் வைத்துவிடின், காலையிற் கிண்ணத்தின் அடியிலே கபிலநிற மண்டி படிந்திருக்கும். சூடு தணிந்தமையே கலங்கலின் தொடக்கத்துக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயின் சாயம் அறையின் வெப்பநிலையை அடைந்த பின்னரும் மாற்றம் நிற்பதில்லை. வெப்பநிலை மாறவில்லை; சேர்க்கை மாறவில்லை; எனினும் ஒருமணி நேரக் கலங்கலும் பத்துமணி நேரக் கலங்கலும் ஒன்றல்ல. இரண்டுக்குமுள்ள வேறுபாடு வயது ஒன்றே.

ஒரு பொருளின் இயல்பைக் கூறுதற்கு அதன் சேர்க்கை, வெப்பநிலை, அமுக்கம் ஆகியவை போதும் என்பது பழைய பௌதிகவியலின் பொதுவிதி. இவ்விதிக்கு அடங்காத பொருள்கள் உள. அவற்றுக்குக் காலமும் ஒரு மூலப்பொருள். இவ்வுண்மை கைத்தொழிலறிவாகத் தொன்றுதொட்டு விளங்கி, விஞ்ஞானிகளால் ஒருகாற் கண்டறியப்பட்டு, பின்னர் நெடுங்காலம் இடையூறெனத் தள்ளப்பட்டு, அண்மைக்காலத்தில் மீண்டும் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. அவ்வரலாறு இலங்கையின் மலைநாட்டு வரலாற்றோடு பல இடங்களிற் பின்னிக் கிடக்கின்றது.

பண்டையோர் அறிவு

கலங்கிய நீரைத் தெளிவிக்கும் வகையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். தேற்றா மரத்தின் விதையை மட்பாண்டத்தின் உட்புறத்திலே தேய்த்து அதன்மேற் கலங்கல் நீரை வார்த்து வைப்பின், சிறிது நேரத்தில் மண் திரண்டு அடியிற் படியும். இவ்வழக்கத்தைப் பற்றிய குறிப்பு கலித்தொகையிலேயே காணப்படுகின்றது. பாலை உறையவிடும் பெண்டிரும் இதையொத்த அறிவுடையோரே. உறையிட்ட பாலை ஆடாது அசையாது வைக்கவேண்டும் என்பதும், உறைந்த தயிரைக் கலக்கினால் அது முன்போல மீண்டும் கட்டாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்தவையே. எவ்வளவு நேரம் நின்றது, இடையிற் கலக்கப்பட்டதா என்னும் இரு வினாக்களையும் விஞ்ஞானிகள் பிற்காலத்தில் தம் ஆய்வுகூடங்களிலே எழுப்பினர்.

மலைநாட்டில் மழைக்காலத்திலே தலவாக்கலையைக் கடந்து செல்லும் கொத்மலை ஓயாவை நோக்குவோர் கலங்கலின் மற்றொரு வடிவத்தைக் காண்பர். தேயிலைச் சரிவுகளிலிருந்து கழுவப்பட்ட செம்மண் நீரோடு செல்கின்றது. அம்மண்ணிலுள்ள மணல் விரைவில் அமிழ்ந்துவிடும், களிமண்ணோ அமிழாது. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு குறுக்களவுள்ள களிமண் துணிக்கை, அசையாத நீரிலே 10 சதமமீற்றர் ஆழம் வீழ்வதற்கு ஏறக்குறைய 8 மணிநேரம் வேண்டும். அதனினும் சிறிய துணிக்கைகள் நாட்கணக்கில் நீரிலே தொங்கி நிற்கும். மகாவலியோடு கலந்து கொட்டியாரக் குடாவில் உப்புநீரை அடைந்ததும் அவை ஒன்றோடொன்று திரண்டு படிகின்றன. உப்புக்களாற் கூழ்த் துணிக்கைகள் திரளும் வகையைச் சூல்சே என்பார் 1882 இலும், ஹாடி என்பார் 1900 இலும் ஆராய்ந்து விதி வகுத்தனர். இத்தகைய நுண்டுணிக்கைகள் ஒரு திரவத்தில் விரவி நிற்கும் நிலையே கூழ்நிலை எனப்படும். தேநீர்க் கலங்கல், பால், களிமண் நீர், மை யாவும் இவ்வினத்தன.

கோப்பி மலை தேயிலை மலையாதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாடு கோப்பி மலையாகவே இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் கோப்பி பறிக்கும் காலத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். 1869 இலே கோப்பி இலைகளிற் செம்மஞ்சள் நிறப் பொட்டுக்கள் தோன்றின. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்சு அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பார்க்லி, அந்நோயை விளைத்த பூசணத்துக்கு ‘ஹெமிலியா வசுதாத்திரிக்சு’ எனப் பெயரிட்டார். 1880 முதல் 1882 வரை இலங்கையில் ஆராய்ச்சி நடத்திய மார்சல் உவாட் நோயின் வாழ்க்கை முறையைத் தெளிவாக்கினார். ஆயினும் நோயைத் தடுக்கும் மருந்து கிடைக்கவில்லை. கோப்பித் தொழில் அழிந்தது.

அதற்குச் சற்று முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டிருந்தார். 1873 இலே 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. 1883 இற் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியது. தேயிலை பருவப் பயிரன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்ப்பது. ஆகவே தொழிலாளரும் ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே தங்கவேண்டியவராயினர். லயங்கள் பெருகின. வந்து செல்வோராயிருந்த மக்கள் மலையிலே நிலைகொண்டனர்.

தேயிலை உண்டாக்கும் தொழிலிலே காலத்தின் ஆட்சி மிகப் பெரிது. இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கொழுந்து பறிக்கப்படும். முற்றிய இலை விலக்கப்படும். பறித்த கொழுந்து கூடையில் நசுங்கிச் சூடேறுமுன் தொழிற்சாலையை அடையவேண்டும். அங்கே அது வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, புளிக்க விடப்பட்டு, உலர்த்தப்படும். புளிக்கும் நேரம் குறைந்தாற் பச்சை வாடை நீங்காது. மிகுந்தாற் சாயத்தின் துடிப்புக் கெடும். இலையின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே, ‘இது போதும்’ எனக் கூறவல்ல தொழிலாளர் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இருந்தனர். இவ்வறிவு எந்நூலிலும் எழுதப்படாமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாறிற்று.

ஓயாத அசைவு

இக்காலத்திலேயே ஐரோப்பாவிற் கூழ்நிலை பற்றிய ஆராய்ச்சி வளர்ந்துவந்தது. 1827 இலே தாவரவியலறிஞர் ரொபேட் பிறவுண், மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்மணிகள் நீரிலே இடையறாது அசைவதை நுணுக்குக்காட்டியூடாகக் கண்டார். உயிருள்ளவற்றின் இயல்போ இது என ஐயுற்று, கண்ணாடித் தூளையும் கற்பொடியையும் நீரிலிட்டுப் பார்த்தார்; அவையும் அவ்வாறே அசைந்தன. அவ்வசைவின் காரணத்தை 1905 இல் ஐன்ஸ்டைனும் 1906 இற் சிமோலுச்சோவ்சுக்கியும் கணிதமுறையால் விளக்கினர். கட்புலனாகாத நீர் மூலக்கூறுகள் எப்பக்கமும் மோதுவதாலேயே துணிக்கை அலைகின்றது. துணிக்கை பெரிதாயின் அசைவு குறையும். திரவம் தடிப்பாயினும் குறையும். ஆயிரத்திலொரு மில்லிமீற்றர் குறுக்களவுள்ள உருண்டை நீரிலே ஒரு செக்கனில் ஏறக்குறையத் தன் குறுக்களவு தூரம் இடம்பெயரும்.

1908 தொடங்கிப் பிரான்சிய அறிஞர் ஜீன் பெரன் இக்கொள்கையைப் பரிசோதனையால் நிறுவினார். இதற்கு அவர் எடுத்துக்கொண்டது, கொறுக்காப்புளியின் இனத்தைச் சேர்ந்த கீழைநாட்டு மரமொன்றின் மஞ்சட் பிசின். ஒரு கிலோகிராம் பிசினைப் பலமாதங்கள் பிரித்தெடுத்து, ஒரே அளவான மணிகள் சில தசமகிராம் மாத்திரமே பெற்றார். அம்மணிகள் நீரில் எவ்வுயரத்தில் எத்தனை நிற்கின்றன என்பதை எண்ணி, மூலக்கூறுகளின் உண்மையை ஐயத்துக்கு இடமின்றி நாட்டினார். 1926 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. பெரன் தேர்ந்தெடுத்தது சமநிலையை அடைந்து, பின்னர் மாறாது நிற்கும் கலவையை. அவர் வெற்றிக்கு அத்தேர்வே வழிவகுத்தது. ஆயின் உலகிலுள்ள கூழ்களுட் பல அவ்வாறு மாறாது நிற்பவையல்ல.

இதனை அரை நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்தவர் தோமசு கிரகாம். கூழ்நிலைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை, பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1861 இலே அமைத்தவர் அவரே. சிலிசிக்கமிலக் கரைசலைத் தூயதாக்கி அடைத்து வைப்பினும், அது சில நாட்களோ சில வாரங்களோ நீராக நின்று, ஈற்றிற் கட்டியாகவே உறைந்துவிடும் என அவர் கண்டார். மாறிக்கொண்டேயிருப்பதே கூழின் இயல்பு என்பது அவர் கொண்ட முடிபு. இதற்கு மாறாக, மைக்கேல் பரடே 1857 இல் ஆக்கிய பொன் கூழ்கள் சில இன்றும் இலண்டனிலே செந்நிறம் மாறாது இருக்கின்றன. ஆகவே மூப்பு எல்லாக் கூழ்களையும் ஒரே வேகத்தில் அணுகுவதன்று. அது துணிக்கைகளிடையேயுள்ள விசைகளைப் பொறுத்தது.

மூப்பின் வகைகள்

கூழ் மூப்படைதல் மூன்று வழிகளில் நிகழ்வதாகப் பிற்கால ஆராய்ச்சியாளர் வகுத்தனர். முதலாவது திரளல். அலையும் இரு துணிக்கைகள் சந்தித்து ஒட்டிக்கொள்ளின் இரட்டையாகும். இரட்டைகள் பிறவற்றோடு ஒட்டித் திரளாகும். இத்திரளலின் வேகத்தைச் சிமோலுச்சோவ்சுக்கி 1916 ஆம் ஆண்டளவிற் கணித்தார். திரள் பருக்கப் பருக்க அதன் அசைவு மெதுவாகும்.

இரண்டாவது, சிறியன தேய்ந்து பெரியன வளர்தல். சிறு துணிக்கைகள் பெரியவற்றிலும் எளிதிற் கரைவதால், அவற்றிலிருந்து கரைந்த பொருள் பெரியவற்றின்மேற் படியும். இது வில்கெல்ம் ஒசுவால்டின் பெயரால் வழங்கப்படுகின்றது.

மூன்றாவதே மிக நுட்பமானது. துணிக்கைகள் நெருங்கியோ வலைபோலப் பிணைந்தோ நிற்கையில், ஒவ்வொன்றும் தன் அயலவற்றாற் சிறைப்பட்டுவிடுகின்றது. அது தன் சிறையினுள் நடுங்குமேயன்றி அப்பால் நகராது. நகர வேண்டின் பல துணிக்கைகள் ஒருங்கே இடம்விட வேண்டும். அவ்வாறு இடம்விடும் ஒவ்வொரு முறையும் கட்டமைப்பு முன்னிலும் சற்று இறுகுகின்றது. அடுத்த நகர்வு முன்னதிலும் அரிதாகின்றது. ஒரு செக்கனில் நடந்தது ஒரு நிமிடத்துக்கும், பின்னர் ஒருமணி நேரத்துக்கும் தள்ளிப்போகின்றது. புறத்தே நோக்குவோனுக்கு யாதும் நிகழாதது போலத் தோன்றினும் அகத்தே மாற்றம் நிகழ்ந்துகொண்டேயிருக்கின்றது.

இக்கூழ்களைக் கலக்கினாற் சில மீண்டும் இளகும். அசையாது விடின் மீண்டும் இறுகும். இரும்பு ஒட்சைட்டுக் கூழ்களில் இவ்வியல்பு 1923 இற் கண்டறியப்பட்டது. கலக்குதல் கூழின் இளமையை மீட்டுத் தருவதாகக் கூறலாம்; ஆயின் எல்லாக் கூழும் முழு இளமையை மீளப் பெறுவதில்லை. தயிர் கடைந்தோர்க்கு இது புதுச் செய்தியன்று.

மருந்தின் ஒருநாள் வாழ்வு

கூழின் வயது ஆய்வுகூடத்துக்கு வெளியே எத்துணைப் பெரிய வினாவாகும் என்பதைப் பயிர்நோய் வரலாறு காட்டும். பிரான்சிலே போர்டோ நகரத் தாவரவியற் பேராசிரியர் மிலார்தே, 1882 இல் ஒரு திராட்சைத் தோட்டத்தின் வழியோரக் கொடிகள் மாத்திரம் பூசண நோயின்றிச் செழித்திருத்தலைக் கண்டார். பழம் பறிக்கும் திருடரை வெருட்டும் பொருட்டு அக்கொடிகளிலே துருசும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கப்பட்டிருந்தன. அவர் ஆராய்ந்து 1885 இலே வெளியிட்ட கலவையே போர்டோக் கலவை. இலங்கைக் கோப்பித் தொழிலோ அதற்குள் வீழ்ந்துவிட்டது. தென்னிந்தியக் கோப்பித் தோட்டங்களிலே பின்னாளில் இக்கலவை இலைத்துரு நோய்க்குத் தக்க மருந்தாக வழங்கிற்று. சில ஆண்டுகள் முந்தியிருப்பின் மலைநாட்டின் வரலாறே வேறாகியிருக்கக்கூடும்.

இக்கலவை நீரிலே தொங்கும் செப்புச் சேர்வைத் துணிக்கைகளாலானது. புதிதாய்க் கலந்தபொழுது அவை நீல நிறத்தனவாய், பசைபோல மென்மையாய், மிக மெதுவாகப் படிவனவாய் இருக்கும். இலைமேல் வீழ்ந்தால் நன்கு ஒட்டி மழைக்கும் தாங்கும். ஒருநாள் கழியின் அத்துணிக்கைகள் பளிங்குருப் பெற்றுப் பருக்கும், விரைவிற் படியும், இலையிலும் ஒட்டா. துருசின் அளவு குறையவில்லை, சுண்ணாம்பின் அளவு குறையவில்லை. ஆயினும் மருந்து மருந்தாகாது போய்விடுகின்றது. ஆகவே கலந்த நாளிலேயே தெளித்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. சிறிதளவு சீனி சேர்ப்பின் இம்மூப்புத் தாமதிக்கும் என்பதும் அறியப்பட்டது.

1946 இலே தேயிலைக்கும் சோதனை வந்தது. வட இந்தியாவில் நெடுநாள் இருந்த கொப்புள நோய் அவ்வாண்டு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவியது. அது பறிக்கப்படும் இளங்கொழுந்தையே தாக்குவது. மூடுபனியும் ஈரமும் மிக்க உயர்மலைகளிலே கடுமையாவது. கோப்பிக்கு நேர்ந்தது தேயிலைக்கும் நேருமோ என அஞ்சிய நாட்கள் அவை. இம்முறை செப்பு மருந்துகள் கைவசம் இருந்தன. நீரில் விரவித் தெளிக்கத்தக்க தூள்களாக அவை ஆலைகளிலே ஆக்கப்பட்டன. தொழிலாளர் மருந்துக் கலத்தை முதுகிற் சுமந்து சரிவுகளில் ஏறித் தெளித்தனர். இத்தூள்களும் நீரிலே கரைவனவல்ல, தொங்குவனவே. கலத்தைக் கலக்காது நிறுத்திவிட்டால் துணிக்கைகள் அடியிற் படியும். மேலுள்ள பயிர்க்கு வெறுநீரும் கீழுள்ள பயிர்க்கு மிகைமருந்தும் சேரும். கலக்கிக்கொண்டே தெளித்த கைகளே தேயிலையைக் காத்தன.

தலவாக்கலையும் தேநீர்க் கலங்கலும்

இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. முதலில் நுவரெலியாவில் இயங்கி, பின்னர் தலவாக்கலையிலுள்ள சென். கூம்ஸ் தோட்டத்தைத் தன் நிலையான இடமாக்கிக்கொண்டது. மண், நோய், செய்கை முறை ஆகியவற்றோடு தேயிலையின் இரசாயனமும் அங்கே ஆராயப்பட்டது.

கலங்கல் எதனாலாயது என்னும் வினாவுக்கு விடை காண்பதற்கு முதலிற் சாயத்தின் நிறப்பொருள்கள் அறியப்படவேண்டியிருந்தது. இந்தியத் தேயிலைச் சங்கத்திற் பணியாற்றிய இரசாயன அறிஞர் ஈ. ஏ. எச். ரொபேட்ஸ், கொழுந்து புளிக்கும்போது அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றோடு கூடித் தியாபிளேவின், தியாரூபிசின் என்னும் இருவகைப் பொருள்களாக மாறுதலை விளக்கினார். முன்னது பொன்னிறமும் துடிப்பும் தருவது. பின்னது செங்கபில நிறமும் சாரமும் தருவது. 1963 இலே, இவை கபேயினோடு இணைந்து வேறாகப் பிரிவதே கலங்கல் என அவர் காட்டினார். கொதிநீரிலே இவை யாவும் கரைந்திருக்கும். வெப்பநிலை ஏறக்குறைய 40 பாகை சதமவளவைக்குக் கீழ் இறங்கவே, கபேயினும் நிறப்பொருள்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பற்றியவை நீரை விட்டு விலகி நுண்டுளிகளாகும். 1966 இலே தலவாக்கலை நிலையத்தைச் சேர்ந்த ஆர். எல். விக்கிரமசிங்கவும் பெரேராவும் தேயிலையின் கருமையையும் கலங்கலின் நிறத்தையும் பற்றிய கட்டுரையை அந்நிலையத்தின் வெளியீடாகிய ‘ரீ குவாட்டர்லி’யிலே வெளியிட்டனர்.

சுவைப்பவரின் கண் நெடுங்காலமாகக் கண்டுவந்ததன் பொருள் இதனாற் புலனாயிற்று. இளங்கொழுந்திலே கபேயினும் துவர்ப்புப் பொருளும் மிகுதி; முற்றிய இலையிற் குறைவு. புளித்தல் அளவோடு நின்றாற் தியாபிளேவின் நிலைக்கும். அளவு கடந்தால் அழியும். ஆகவே ஆறிய கிண்ணத்திலே தோன்றும் ஒளியுள்ள கலங்கல், செவ்விய கொழுந்தைப் பறித்த விரலுக்கும் புளித்தலைத் தக்க வேளையில் நிறுத்திய மூக்குக்கும் சான்றாகின்றது.

கலங்கலை வேறொன்றோடு மயங்குதல் கூடாது. யாழ்ப்பாணத்திலே சுண்ணாம்புக் கிணற்றுநீரில் ஆக்கிய தேநீரின்மேல் மெல்லிய ஏடு படர்வதுண்டு. அது நீரிலுள்ள கல்சியமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து சாயத்தின்மேல் விளைப்பது என்பதை இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஸ்பைரோவும் ஜகன்யியும் 1993 இற் காட்டினர். கலங்கலோ சாயம் முழுவதும் விரவி நிற்பது, சூடேற்றினால் மறைவது.

இக்கலங்கலும் மூப்புக்கு உட்பட்டதே. தொடக்கத்திலே நுண்டுளிகள் சிறியனவாய் விரைந்து அலையும். நேரம் செல்லச் செல்ல ஒன்றோடொன்று கூடிப் பருத்து அசைவு குறைந்து, ஈற்றிலே படியும். விரைவாகக் குளிரவைத்த சாயமும் மெல்லக் குளிரவைத்த சாயமும் ஒரே வெப்பநிலையை அடையினும் ஒரே கலங்கலைத் தருவதில்லை. குளிர்ந்த தேநீரைப் போத்தலில் அடைத்து விற்கும் தொழில் பெருகிய பின்னர், வணிகர்க்கு இது பெரும் இடராயிற்று. சுவைக்கும் அறையிற் குணமாயிருந்தது போத்தலிற் குற்றமாயிற்று.

மெதுவான இயக்கத்தை அளத்தல்

மூத்த கூழிலே துணிக்கைகள் எவ்வாறு அசைகின்றன என்பதை நேரில் அளப்பதற்குப் பல ஆண்டுகள் வழியில்லாதிருந்தது. கலவை மாறிக்கொண்டிருந்தமையால் இன்று அளந்தது நாளை ஒவ்வாது. எனவே பலர் மூப்பை ஓர் இடையூறாகக் கருதி, புதுக் கலவை செய்து அளந்துவிட்டு அமைந்தனர்.

1960 களில் லேசர் ஒளி வந்தபின் நிலைமை மாறியது. கூழினூடு லேசர்க் கதிரைச் செலுத்தினால், சிதறிய ஒளி திரையிலே புள்ளி புள்ளியாகத் தோன்றும். துணிக்கைகள் அசைய அப்புள்ளிகள் மின்னும். மின்னல் விரைவாயின் அசைவும் விரைவு. மந்தமாயின் அசைவும் மந்தம். 1964 இலிருந்து வளர்ந்த இம்முறையாற் கண்ணுக்கெட்டா அசைவும் அளக்கத்தக்கதாயிற்று.

1978 இலே ஸ்ரூயிக் என்னும் ஒல்லாந்த அறிஞர் பிளாத்திக்குப் பொருள்களின் மூப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பொருள் எவ்வளவு காலம் காத்திருந்ததோ அவ்வளவுக்கு அதன் மாற்றமும் மெதுவாகும் என்பதை அவர் அளவைகளால் நிறுவினார். கூழ்களிலும் இதுவே நிகழுமோ என ஆராய்ந்தவர் பலர். 2000 இலே சிப்பெலெற்றி, வைற்சு முதலியோர் நுண்ணுருண்டைகளாலான மெல்லிய வலைக்கூழைப் பல நாட்கள் தொடர்ந்து ஒளியால் அளந்தனர். கூழ் மூக்க மூக்க அசைவு மெதுவாகியது. அதனினும் வியப்பானது அசைவின் வகையே. பிறவுண் கண்ட அலைச்சலிலே துணிக்கை வழி தவறியவன்போல முன்னும் பின்னும் செல்லும். இங்கோ அது ஒரே திசையில் மெல்ல மெல்ல இழுக்கப்பட்டது. வலை உறையும்பொழுது அதனுள்ளே தங்கிய இழுவிசைகள் சிறிது சிறிதாகத் தளர்வதே இதற்குக் காரணமென அவர்கள் கருதினர்.

2003 இலே கோற்லண்ட், வீக்ஸ் ஆகிய இருவர், துணிக்கைகள் நெருங்கிய கூழை முப்பரிமாணத்திற் காட்டும் நுணுக்குக்காட்டியால் நோக்கினர். மூப்பு எங்கும் ஒரேபடியாக நிகழவில்லை. பெரும்பாலான துணிக்கைகள் அசையாதிருக்க, அங்கங்கே சில கூட்டங்கள் மாத்திரம் ஒருங்கே இடம்பெயர்ந்தன. மொத்தக் கூழின் முதுமை அத்தகைய சிறு இடப்பெயர்வுகள் பலவற்றின் தொகையாகவே விளங்கியது.

இவ்வாராய்ச்சிகளின் பயனாக ஒரு புதிய ஒழுக்கம் விஞ்ஞானிகளிடையே நிலைபெற்றது. கூழொன்றின் அளவையைத் தருவோர், அது கலக்கி நிறுத்தப்பட்டதிலிருந்து எவ்வளவு நேரம் கழிந்தது என்பதையும் உடன் கூறவேண்டும். வயது குறியாத அளவை முழுமையற்றது. முன்னர்ப் பிழையென ஒதுக்கப்பட்ட காலம், இப்பொழுது அளவையின் உறுப்பாயிற்று.

முடிவுரை

கிரகாம் 1861 இற் கண்டதற்கும் 2000 ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்கும் இடையே ஏறக்குறைய 140 ஆண்டுகள் உள. அக்காலம் முழுவதும் தேயிலை மலைகளிலே கலங்கலைக் கண்டு விலை மதித்தோரும், மருந்துக் கலத்தைக் கலக்கித் தெளித்தோரும், புளித்தலை மணத்தால் நிறுத்தினோரும் காலத்தைக் கணக்கில் எடுத்தே தம் தொழிலைச் செய்தனர். நூலறிவு பின்னர் வந்து கைத்தொழிலறிவின் காரணத்தை உரைத்தது. காரணம் கண்டோர் பெயர் நூல்களில் உண்டு. அறிந்து செய்தோர் பெயர் இல்லை. விஞ்ஞான வரலாறு எழுதுவோர் இக்குறையை நினைவிற்கொள்ளுதல் தகும்.

மக்களைத் துணிக்கைகளோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் அளப்போர் செய்யும் பிழை ஈரிடத்தும் ஒன்றாகவே அமையக்கூடும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கோரியது. மலையிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் பிறப்புப் பதிவில்லாத தொழிலாளர் பெருந்தொகையினர் அச்சான்றைக் காட்டமாட்டாது நாடற்றோராயினர். அவர்கள் அம்மலையில் நின்ற காலம் கணக்கில் வரவில்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை உண்டென 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் கூறியபொழுது, வாழ்ந்த காலமும் ஒரு சான்றாக ஏற்கப்பட்டது. இடையே கழிந்தவை 55 ஆண்டுகள்.

ஒரு கிண்ணத் தேநீர் சிறு பொருளே. எனினும் அது ஆறி, கலங்கி, படியும் வரையும் பொறுமையோடு நோக்குவோனுக்கு, பொருளின் இயல்பை அறிய அதன் சேர்க்கை மாத்திரம் போதாது, அது கடந்துவந்த காலமும் வேண்டும் என்னும் உண்மை புலனாகும். பௌதிகவியலும் வரலாறும் சந்திக்கும் இடம் அதுவேயாகும்.